ட்ரைபஸ் வழக்கு: நீதியும் படையின் மானமும்

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரெஞ்சுக் குடியரசை இரு கூறாகப் பிளந்த ட்ரைபஸ் வழக்கு, தனியொருவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்ற அளவில் மட்டும் நோக்கத்தக்கதன்று. தவறு புலனான பின்னரும் ஓர் அரச நிறுவனம் அதனை ஒப்புக்கொள்ள மறுத்தமையையும், அம்மறுப்புக்கு இனக்காழ்ப்புத் துணைபோனமையையும் இவ்வழக்கில் காணலாம்.

1870-71ஆம் ஆண்டுப் போரில் தோல்வியுற்ற பிரான்ஸ், அல்சாஸ் பிரதேசத்தை ஜேர்மனியிடம் இழந்தது. இழந்த மானத்தை மீட்கவல்லது படையே எனப் பலரும் நம்பியமையால், படையை ஐயுறுவது தேசத்துரோகமாகக் கருதப்பட்டது. இதே காலத்தில் யூத வெறுப்பும் வளர்ந்தது. ‘யூத பிரான்ஸ்’ என்னும் நூலை 1886இல் வெளியிட்ட எட்வார் ட்ரூமோன், 1892இல் தாம் தொடங்கிய நாளிதழில் படையிலிருந்த யூத அதிகாரிகளைத் தாக்கி எழுதினார்.

அல்பிரெட் ட்ரைபஸ் 1859இல் அல்சாஸில் பிறந்த யூதர். பீரங்கிப் படைக் கப்டன். 1894இல் பரிஸ் நகர ஜேர்மன் தூதரகத்தின் குப்பைக் கடதாசிகளிடையே, இராணுவ இரகசியங்களை வழங்க முன்வரும் கையொப்பமற்ற குறிப்பொன்று பிரெஞ்சு உளவுப் பிரிவுக்குக் கிட்டியது. ஐயம் ட்ரைபஸ்மீது விழுந்தது. பிரான்ஸ் வங்கியின் கையெழுத்து நிபுணர், அது வேறொருவர் எழுதியதாக இருக்கலாம் என்றார். பொலிஸ் நிபுணர் பேர்ட்டியோனோ, காணப்பட்ட வேறுபாடுகளை ட்ரைபஸ் வேண்டுமென்றே புகுத்தினார் என வாதிட்டார். ஒற்றுமையும் சான்றாயிற்று, வேற்றுமையும் சான்றாயிற்று. மேலும், எதிரித் தரப்புக்குக் காட்டப்படாத இரகசியக் கோவையொன்று நீதிபதிகளிடம் கையளிக்கப்பட்டது. தாம் காணாத சான்றை எவரும் மறுத்துரைத்தல் இயலாது. டிசெம்பர் 22ஆம் நாள் இராணுவ நீதிமன்றம் ஏகமனதாக ஆயுள்காலத் தண்டனை விதித்தது. 1895 ஜனவரி 5இல், யூதருக்கு எதிரான கூச்சல்களின் நடுவே அவரது பதவிச் சின்னங்கள் பறிக்கப்பட்டன. பின்னர் அவர் பிரெஞ்சுக் கயானாவை அடுத்த சாத்தான் தீவில் சிறைவைக்கப்பட்டார்.

1896இல் உளவுப் பிரிவின் தலைவர் பிக்கார், அக்குறிப்பு மேஜர் எஸ்தர்ஹாஸியின் கையெழுத்திலேயே அமைந்திருப்பதைக் கண்டறிந்தார். அக்காலத்து யூத வெறுப்பிலிருந்து பிக்காரும் முற்றாக விடுபட்டவரல்லர்; எனினும் சான்றை மறைக்க அவர் உடன்படவில்லை. மேலதிகாரிகள் அவரைத் தூனிசியாவுக்கு அனுப்பினர். அவருக்குக் கீழிருந்த ஹென்றி என்னும் அதிகாரி ட்ரைபஸுக்கு எதிராகப் போலிக் கடிதமொன்றைப் புனைந்தார். 1898 ஜனவரி 11இல் எஸ்தர்ஹாஸி விடுதலையானார். இரு நாட்களின் பின் நாவலாசிரியர் எமில் ஸோலா, ‘நான் குற்றஞ்சாட்டுகிறேன்’ என்ற தலைப்பில் பகிரங்கக் கடிதம் வெளியிட்டு, அதற்காகத் தாமே தண்டிக்கப்பட்டார். அவ்வாண்டு ஓகஸ்டில் போலிக் கடிதம் அம்பலமாயிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்ட ஹென்றி சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதன் பின்னரும் படை இணங்கவில்லை. 1899இல் உயர் நீதிமன்றம் முதற்றீர்ப்பை இரத்துச் செய்து மறுவிசாரணைக்குப் பணித்தபோது, ரென் நகர இராணுவ நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற வாக்குகளால் அவரை மீண்டும் குற்றவாளியெனக் கண்டது. தண்டனையைத் தணிக்கும் சூழ்நிலைகள் உண்டெனக் கூறிப் பத்தாண்டுச் சிறை விதித்தது. தேசத்துரோகத்திற்கு எத்தகைய தணிப்புச் சூழ்நிலை இருத்தல் கூடும்? உண்மையை ஏற்கவும் துணியாது, முற்றாக மறுக்கவும் இயலாது நின்ற நிலையையே அத்தீர்ப்புப் புலப்படுத்துகின்றது. ஜனாதிபதி லூபே பொதுமன்னிப்பு வழங்கினார். ஆயின் மன்னிப்பு குற்றவாளிக்குரியது. ஆதலின் தாம் குற்றமற்றவர் என்ற தீர்ப்புக்கான முயற்சியை ட்ரைபஸ் கைவிடவில்லை. 1906 ஜூலை 12இல் அத்தீர்ப்புக் கிட்டியது. அவர் மேஜராக மீண்டும் படையிற் சேர்க்கப்பட்டு, முதலாம் உலகப் போரிலும் பணியாற்றினார்; 1935இல் மறைந்தார்.

உண்மைக் குற்றவாளியின் கையெழுத்து 1896இலேயே அரசின் கையிலிருந்தது. அதனை ஏற்கப் பத்தாண்டுகள் சென்றன. சிறையில் இழந்த ஆண்டுகள் பதவியுயர்வுக் கணக்கிற் சேர்க்கப்படாத குறையோ இன்னும் நெடுங்காலம் நீடித்தது. அவரைப் பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தும் பிரேரணைக்குப் பிரெஞ்சு தேசிய சபை ஏகமனதாக வாக்களித்தது 2025ஆம் ஆண்டிலாகும். தன் மானத்தைக் காக்கவென்று பொய்யைப் பேணிய படையின் மானத்தை ஈற்றில் மீட்டவர்கள், அப்பொய்யை வெளிப்படுத்தியவர்களே.