கலோனியல் கசின்ஸ் (இசைத்தொகுப்பு)

கலோனியல் கசின்ஸ், பாடகர் ஹரிஹரனும் கிதார் கலைஞர் லெஸ்லி லூயிஸும் இணைந்து 1996இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு. இருவரின் கூட்டணிக்கும் இதே பெயர்தான். மேக்னாசவுண்ட் நிறுவனம் வெளியிட்ட இத்தொகுப்பு, மென்மையான ராக், பாப் இசையோடு கர்நாடக, இந்துஸ்தானி இசை மரபுகளைச் சேர்த்தது. திரைப்படம் சாராத இந்தியப் பாப் இசையின் முக்கியமான படைப்புகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பின்னணி

ஹரிஹரன் மும்பையில் வாழ்ந்த தமிழ் இசைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாய் அலமேலுவிடம் கர்நாடக இசையும், குலாம் முஸ்தபா கானிடம் இந்துஸ்தானி இசையும் கற்றார். கஜல் பாடகராகப் பெயர் பெற்ற அவரை, ஏ. ஆர். ரகுமான் ‘ரோஜா’ (1992) மூலம் தமிழ்த் திரைக்கு அழைத்துவந்தார். லூயிஸ், இந்தித் திரைப்பட நடன இயக்குநர் பி. எல். ராஜின் மகன், மேற்கத்திய இசையில் ஊறி வளர்ந்தவர். மும்பையின் விளம்பரப் பாடல் பதிவுகள் இருவரையும் ஒன்றுசேர்த்தன. சில நொடிகளுக்குள் மெட்டு மனத்தில் பதிய வேண்டும் என்பது அத்தொழிலின் விதி. பல பாணிகளைத் தயக்கமின்றிக் கலக்கும் பழக்கத்தையும் அது வளர்த்தது.

1991க்குப் பின் செயற்கைக்கோள் தொலைக்காட்சி பரவியபோது, எம்டிவி, சேனல் வி போன்ற அலைவரிசைகளுக்குப் பாடல் காணொளிகள் தேவைப்பட்டன. கதாநாயகனின் முகம் இல்லாமலும் ஒரு பாட்டு வீடுகளுக்குள் போய்ச்சேர இதனால் வழி பிறந்தது.

இசை அமைப்பு

லூயிஸின் கிதாரும் ஆங்கில வரிகளும் பாடலின் சட்டகத்தை அமைக்க, ஹரிஹரனின் ஆலாபனையும் சுரங்களும் அதற்குள் தம் போக்கில் விரிகின்றன. ராகம் இங்கே வெறும் அலங்காரமாக வருவதில்லை. பாடலின் மெட்டே பல இடங்களில் அதிலிருந்துதான் எழுகிறது. ‘ச நி த ப’ பாடலுக்குச் சுரங்களே தலைப்பாகவும் அமைந்தன.

தொகுப்பில் மிகவும் புகழ்பெற்றது ‘கிருஷ்ணா’. வியாசதீர்த்தர் கன்னடத்தில் இயற்றிய ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ கீர்த்தனையை இது மையமாகக் கொண்டது. யமுனா கல்யாணி ராகத்தில் பாடப்படும் அக்கீர்த்தனை, பரதநாட்டியக் கலைஞர் பாலசரசுவதியின் அபிநயத்தால் தமிழ் ரசிகர்களுக்கு முன்பே நெருக்கமானது. குழந்தைக் கண்ணனை அழைக்கும் அப்பாட்டோடு சேர்ந்த ஆங்கில வரிகள், எந்த மதத்தின் வடிவிலாவது இறைவன் மீண்டும் வர வேண்டும் என்று வேண்டுகின்றன.

வரவேற்பு

எம்டிவியின் இந்திய நேயர் விருதையும், சிறந்த ஆசிய இசைக்குழுவுக்கான பில்போர்டு விருதையும் இத்தொகுப்பு பெற்றுத்தந்தது. ‘எம்டிவி அன்பிளக்டு’ நிகழ்ச்சியில் இடம்பெற்ற முதல் இந்திய இசைக்குழுவும் இவர்களே.

பிற்காலம்

‘தி வே வீ டூ இட்’ (1998), ‘ஆத்மா’ (2001), ‘ஒன்ஸ் மோர்’ (2012) ஆகியவை இவர்களின் அடுத்த தொகுப்புகள். சரண் இயக்கிய ‘மோதி விளையாடு’ (2009) படத்துக்கும், ‘சிக்கு புக்கு’ (2010) படப் பாடல்களுக்கும் இருவரும் இசையமைத்தனர். லூயிஸ் தனியாக, பாடகர் கேகேயின் முதல் தொகுப்பான ‘பல்’ (1999) உருவாக உழைத்தார். 2011இல் இந்தியக் கோக் ஸ்டுடியோவின் முதல் பருவத்தைத் தயாரித்தவரும் அவரே. நாட்டுப்புற, செவ்வியல் பாடகர்களை மேற்கத்திய வாத்தியக் குழுவோடு அமர்த்திய அந்நிகழ்ச்சி, 1996இல் இருவராகச் செய்து பார்த்த முயற்சியைப் பெரிய மேடைக்குக் கொண்டுசென்றது.