ஏற்றமும் எரிபொருளும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே, மலைத்தொடர் சற்றே விலகி வழிவிடும் இடத்தில் எல்ல என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறக்குறைய 1,040 மீற்றர். அங்கிருந்து தெற்கு நோக்கி இறங்கும் வீதி, இராவணன் பெயர் தாங்கிய நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாயாவின் சமவெளியை அடைகிறது. ஏறத்தாழ 27 கிலோமீற்றர் தூரத்தில் எண்ணூறு மீற்றர் அளவு இறக்கம். இவ்வழியில் ஏறிவரும் வண்டி எதுவாயினும் மலைக்கு ஒரு வரி செலுத்தியே ஆகவேண்டும். மாட்டு வண்டிக்கு அது மாட்டின் மூச்சு; புகையிரதத்துக்கு நிலக்கரி; மோட்டார் வண்டிக்குப் பெற்றோல். செலுத்திய வரியில் ஒரு பங்கையேனும் இறங்கும்போது மீட்கலாம் என்பதை நடைமுறையில் கொண்டுவர மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது.

மலைநாட்டில் முதலில் கோப்பியும், பின்னர் தேயிலையும் விளைந்தன. விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு மாட்டு வண்டிகளில் இறக்குவது தோட்டத்துரைமாருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. அத்தொல்லையே இருப்புப்பாதைக்கு வித்திட்டது. பாதை 1867 இல் கண்டியையும், 1885 இல் நானுஓயாவையும், 1894 இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளை அதிகத் தொலைவன்று. எனினும் அந்தச் சிறு தூரத்தைக் கடக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1924 ஆம் ஆண்டிலேயே பதுளையில் புகையிரதம் வந்து நின்றது.

இத்தாமதத்துக்கு மலையின் சரிவும் ஒரு காரணம். மலைநாட்டுப் பாதையில் 44 அடி தூரம் செல்கையில் ஓர் அடிக்கு மேல் ஏற்றம் இருத்தலாகாது என்பது பொறியியலாளர் வகுத்த வரம்பு. அதனினும் செங்குத்தாயின் எஞ்சின் இழுக்கும் பாரம் குறையும். எரியும் கரி கூடும். தெமோதரையிலோ நிலம் சட்டென்று தாழ்ந்தது. ஆகவே, நிலையத்தை விட்டு நீங்கும் பாதை குன்றைச் சுற்றிவந்து, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே செல்லுமாறு அமைக்கப்பட்டது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைக் கண்டே இந்த யோசனை உதித்தது என்று செவிவழிக் கதை ஒன்று வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அதிலுள்ள கருத்துப் பொருத்தமானது. தூரத்தைச் சற்றே நீட்டினால் சரிவு தணியும்; சரிவு தணிந்தால் அதே எரிபொருளில் அதிகப் பாரத்தை ஏற்றலாம். எரிபொருள் சிக்கனத்தின் முதற்பாடம் அந்தக் குன்றில் கல்லாலும் இரும்பாலும் எழுதப்பட்டது எனலாம்.

ஆனால், பாதை சிக்கனமாயினும் எஞ்சின் சிக்கனமாக இல்லை. நீராவி எஞ்சின் எரித்த வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் சக்கரத்தை அடைந்தது அரிது. எஞ்சியது புகைபோக்கி வழியே வானில் கலந்தது. இந்நிலையை மாற்ற முனைந்தவருள் முதன்மையானவர் புகையிரதப் பகுதியின் பிரதம இயந்திரப் பொறியியலாளராகவும், பின்னர் பொது முகாமையாளராகவும் விளங்கிய பீ. டீ. இறம்பாலா ஆவார். 1953 முதல் டீசல் மின் எஞ்சின்கள் பெருமளவில் வரத் தொடங்கின. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய எஞ்சின்களும் அவற்றுள் அடங்கும்.

இவ்வகை எஞ்சினில் டீசல் நேரே சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்பிறப்பாக்கியை இயக்க, அங்கே பிறக்கும் மின்சாரம் மோட்டாருக்குச் சென்று சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதனால் ஏற்றத்தில் மெதுவாகச் செல்லும்போதும் முழுவலிமை கிடைக்கிறது. நீராவி எஞ்சினைவிட எரிபொருளும் பன்மடங்கு பயன்தருகிறது. ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. இறங்கும்போது மலை திருப்பித் தரும் சக்தியைச் சேமித்துவைக்க அவ்வண்டியில் இடம் இல்லை. அது தடுப்புக்கட்டையில் வெப்பமாகி வீணாயிற்று.

அக்குறையைத் தீர்ப்பதே ஹைபிரிட் எனப்படும் கலப்பு வண்டியின் நோக்கம். எண்ணெய் எஞ்சினையும் மின்மோட்டாரையும் சேமக்கலத்தையும் ஒன்றிணைக்கும் முயற்சியை, ஆஸ்திரியாவில் பேர்டினண்ட் போர்ஷே 1900 ஆம் ஆண்டளவிலேயே செய்து காட்டினார். எனினும், 1997 இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் வண்டியை விற்பனைக்கு விட்ட பின்னரே அது பொதுமக்கள் கைக்கு எட்டியது. 2010களில், வரிச் சலுகையின் பயனாக, இலங்கை வீதிகளிலும் அத்தகைய வண்டிகள் மலிந்தன.

எல்ல வீதியில் அவ்வண்டி நடந்துகொள்ளும் விதம் கவனிக்கத்தக்கது. 1,300 கிலோகிராம் எடையுள்ள வண்டியை எண்ணூறு மீற்றர் உயர்த்துவதற்கு மட்டுமே ஏறக்குறைய ஒரு லீற்றர் பெற்றோல் செலவாகும். அவ்வுயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, மின்கட்டணப் பட்டியலின் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 2.8 அலகு. சேமக்கலமோ சிறியது. தொடக்ககாலப் பிரியஸ் வண்டிகளில் அதன் முழுக்கொள்ளளவே ஒன்றரை அலகுக்கும் சற்றே கூடியும் குறைந்தும் இருந்தது; அதிலும் ஒரு பகுதியே பயன்பாட்டுக்கு விடப்பட்டது. ஆதலின் இறக்கத்தின் அடிவாரத்தை அடையுமுன்னரே அது நிரம்பிவிடும். மலை தருவதை எல்லாம் ஏந்திக்கொள்ளப் பாத்திரம் போதாது.

இவ்வுண்மையிலிருந்தே ஓட்டுநருக்கான விதிகள் பிறக்கின்றன. தடுப்பை இறுதி நொடியில் அழுத்தாமல், முன்கூட்டியே மென்மையாக அழுத்த வேண்டும். மென்மையான அழுத்தமே மின்சாரமாகும். இறக்கத்தில் வண்டியை நடுநிலைக்குத் தள்ளி உருளவிடுதல் கூடாது, அப்போது சேமக்கலத்துக்கு மின்சாரம் சேராது, ஆபத்தும் உண்டு. சேமக்கலம் நிரம்பிய பின்னர், எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிலைக்கு மாற்றி, தடுப்புகள் சூடேறாமல் காத்தல் வேண்டும். நீண்ட ஏற்றத்தில் மின்மோட்டாரின் துணை வெகுநேரம் நீடிக்காது. சீரான, மிதமான வேகமே அங்குக் கைகொடுக்கும்.

இவை செல்வர் வண்டிக்கு மட்டும் உரிய நுணுக்கங்களாகத் தோன்றலாம். 2022 ஆம் ஆண்டு அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவை எட்டியது. பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் வண்டிக்கு வாரத்துக்கு 20 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றருமே முதலில் ஒதுக்கப்பட்டன. தோட்டத்து லயத்திலிருந்து நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வண்டி பெரும்பாலும் முச்சக்கர வண்டியே என்பதை நினைத்தால், அந்த ஐந்து லீற்றரின் மதிப்பு விளங்கும்.

இலங்கையில் பெற்றோலியம் ஊறுவதில்லை, தேயிலை தளிர்க்கிறது. முன்னர் ஈரானிடமிருந்து பெற்ற எண்ணெய்க்குரிய 25 கோடி 10 இலட்சம் டொலர் கடனை, மாதம் 50 இலட்சம் டொலர் மதிப்புள்ள தேயிலையாகவே தீர்ப்பதற்கு 2021 டிசம்பரில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. கணக்கிட்டால் ஐம்பது மாதத் தேயிலை. எண்ணெய்க்கு விலை கொழுந்தே என்பதை இதனினும் தெளிவாக எந்தக் கணக்கேடும் காட்டாது.

தெமோதரைக் குன்றைச் சுற்றிப் பாதை அமைத்தவர் கரியை மிச்சப்படுத்தினர். எல்ல இறக்கத்தில் தடுப்பை மெல்ல அழுத்தும் ஓட்டுநர் பெற்றோலை மிச்சப்படுத்துகிறார். அவர் காக்கும் ஒவ்வொரு துளியும், வீதியின் இருமருங்கிலும் உள்ள சரிவுகளில் கூடை சுமந்து நிற்கும் பெண்ணின் விரல்கள் கிள்ளிய கொழுந்தே ஆகும்.