சொட்டு மருந்து வருவதற்கு முன்னால்

நம் வயதுக்காரர்களில் கண்புரை எடுக்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லோர் வீட்டிலும் ஒரு சொட்டு மருந்து அட்டவணை சுவரில் ஒட்டியிருந்திருக்கும். முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, அதற்கடுத்து நான்கு என்று இறங்கு வரிசை. அந்தச் சின்னப் புட்டிக்குப் பின்னால் எத்தனை கதை இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். வேலையில் இருந்த காலத்தில் பழைய கோப்பைத் தூசி தட்டிப் படிக்கிற பழக்கம், இன்னும் விடவில்லை.

பிரெஞ்சில் புரையைக் கத்தராக்த் என்பார்கள்; அருவிக்கும் அதே சொல்தான். நான் அந்த மொழியில் படித்தவன் என்பதால், ழாக் தவியேல் என்ற பெயர் முதலில் கண்ணில் பட்டது. நார்மண்டியில் 1696இல் பிறந்தவர், மார்செய் நகரில் வைத்தியம் பார்த்தவர். அவர் காலம் வரை புரையை யாரும் வெளியே எடுத்ததில்லை என்றே சொல்லலாம். ஊசியால் குத்தி, கெட்டுப்போன லென்சைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். சுசுருதர் சொன்ன முறையும் ஏறக்குறைய அதுதான். தள்ளும்போது லென்சு உடைந்தால் அதன் சத்துக் கண்ணுக்குள் கசியும். கண் அதை அந்நியப் பொருளாக எண்ணிக் கொதிக்கும். இசைமேதை பாக், 1750இல் ஜான் டெய்லர் என்ற ஊர்சுற்றி வைத்தியரிடம் இரண்டு முறை இப்படிச் செய்துகொண்டார். பார்வை போனது. அதே ஆண்டு ஜூலை 28இல் உயிரும் போனது.

தவியேல் 1747இல் ஒரு நோயாளிக்கு ஊசி பலிக்காமல் போகவே, கருவிழியின் கீழ்ப்பக்கம் வெட்டி லென்சை வெளியே எடுத்தார். 1752இல் பாரிஸ் அறுவை மருத்துவக் கழகத்துக்குத் தன் முறையைத் தெரிவித்தார். (அந்த நாளில் இங்கே புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் கவர்னர், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்.) மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை. வெட்டின கண் சிவந்து வீங்கினால் அதை அடக்கவும் ஒன்றும் இல்லை. அடுத்த இருநூறு ஆண்டுகளும் அந்த விஷயத்தில் பெரிய மாற்றம் இல்லை.

எங்கள் ஆயாவுக்கு அறுபதுகளில் புரை எடுத்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை, அசையக்கூடாது. முதல் கண் தேறியது. இரண்டாவது கண் சிவந்து, வலித்து, பாப்பா ஒட்டிக்கொண்டு போய்விட்டது. கட்டுப் போட்டார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். மருந்து இருந்திருக்க வேண்டிய காலம்தான், எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் கார்டிசோன் அதற்குள் வந்துவிட்டது. 1948இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு அதைக் கொடுத்தார்; 1950இல் நோபல் பரிசு. அதே சமயத்தில் கண் மருத்துவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். அதற்குச் சற்று முன்தான், 1949 நவம்பரில், லண்டனில் ஹரால்டு ரிட்லி முதல் செயற்கை லென்சை வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் துண்டுகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்று கவனித்து வந்த யோசனை அது.

கண்ணுக்குள் நடப்பது இதுதான். கண்ணின் முன்னறையில் இருக்கும் நீர் தெளிந்த நீர். ரத்தத்தில் உள்ள புரதம் அதற்குள் வராதபடி ஒரு தடுப்பு உண்டு. கத்தி பட்டதும் தடுப்பு தளர்கிறது. புரதமும் வெள்ளை அணுக்களும் இறங்கிவிடும். டாக்டர் கருவியில் மெல்லிய ஒளியை விட்டுப் பார்ப்பது அதற்குத்தான்: ஓட்டு வீட்டில் கூரை இடுக்கால் விழும் வெயிலில் தூசி மிதப்பது தெரியுமே, அதுபோல அவருக்குத் தெரியும். கண்ணாடியில் பார்க்கிற நமக்குக் கண் பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருக்கும். நாலாம் நாளே மருந்தை நிறுத்துகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சிலருக்குச் சில வாரம் கழித்து விழித்திரையின் நடுவில் நீர் கோத்துப் பார்வை மங்குகிறது.

ஸ்டீராய்டுக்கு மறுபக்கமும் உண்டு. பெல்ஜியத்து மருத்துவர் ழூல் பிரான்சுவா, கார்டிசோன் விட்ட கண்ணில் அழுத்தம் ஏறுவதை 1954இலேயே பிரெஞ்சில் எழுதிவைத்தார். என் தெருவில் ஒருவர் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி, கண் சிவக்கும்போதெல்லாம் மாதக்கணக்கில் விட்டார். வலியே இல்லை. பக்கப் பார்வை குறைந்து, மாடிப்படியில் தடுக்கி விழுந்த பிறகுதான் அழுத்தம் பார்த்தார்கள். போன பார்வை திரும்பவில்லை.

இன்னொரு புட்டி ஸ்டீராய்டு அல்ல, ஆஸ்பிரின் வகையறா. ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் 1971இல்தான் கண்டுபிடித்தார்: காயம்பட்ட திசு சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அது தடுக்கிறது. கண்ணில் அந்தப் பொருள் சுரந்தால் பாப்பா சுருங்கும்; அறுவையின் நடுவில் பாப்பா சுருங்கினால் டாக்டருக்கு வழி அடைபடும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே சிலருக்கு அந்தச் சொட்டை விடுவது இதற்காக.

இரண்டு புட்டி கொடுத்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஐந்து நிமிடமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். பால்போல இருக்கிற ஸ்டீராய்டுப் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் தங்கியிருக்கும்.