பிள்ளை சொன்னால் மறைக்காதீர்கள்

வேளாங்கண்ணிக்கும் பூண்டி மாதா கோயிலுக்கும் எல்லா மதத்தாரும் போகிற பூமி நம் தஞ்சைச் சீமை. அந்த நம்பிக்கைக்காகவே இதை எழுதுகிறேன்.

உதகை மறைமாவட்டப் பாதிரியார் ஜோசப் பழனிவேல் ஜெயபால், அமெரிக்காவின் மினசோட்டாவில் 2004-05இல் பணியாற்றியபோது சிறுமிகளைப் பாலியல் கொடுமை செய்ததாகப் புகார். ஊர் திரும்பிவிட்டவர், 2014இல்தான் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2015இல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். மறு ஆண்டே மறைமாவட்டம் அவருடைய இடைநீக்கத்தை ரத்து செய்தது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில்?

2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் எவரும் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மறைக்கும் நிறுவனத் தலைவருக்கும் தண்டனை உண்டு. ஆயரும் சரி, தலைமை ஆசிரியரும் சரி, விதிவிலக்கு இல்லை. பிள்ளை சொன்னால் நம்புங்கள், 1098ஐ அழையுங்கள்.