செடிபுட்டா வந்த வழி

2023இல் குமரி மட்டி வாழைக்கும் ஜடேரி நாமக்கட்டிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது, வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கும் அது சேர்ந்தே கிடைத்தது. வாழையும் நாமக்கட்டியும் அந்தந்த மண் கொடுத்தவை. செடிபுட்டாவோ தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த கைவேலை.

அதை நெய்யும் சௌராஷ்டிரர்களின் பூர்வீகம் குஜராத். அவர்கள் வந்த தடத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்து மந்தசோர் கல்வெட்டில் தொடங்குவார்கள். தென் குஜராத்தின் லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு, கி.பி. 436இல் அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டி, 473இல் அதைப் பழுதுபார்த்த செய்தி அதில் இருக்கிறது. அவர்களின் வழிவந்தவர்களே இவர்கள் என்பது பலர் கருத்து. பிறகு தேவகிரி, விஜயநகரம் எனத் தெற்கே இறங்கி, நாயக்கர் காலத்து மதுரையில் நிலைத்தார்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றி இன்றும் அவர்கள் தெருக்கள் உண்டு. அந்தச் சமூகத்தின் ஒரு கிளை தாமிரபரணிக் கரையில், வீரவநல்லூரில் தறி போட்டது.

கன்னட நாட்டு அந்தணர் ஒருவரின் பொருளில் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் கன்னடியன் கால்வாய்தான் இவ்வூர் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டே செழித்த பூமி இது. சௌராஷ்டிரர்களும் வீட்டில் தங்கள் மொழி, கடைத்தெருவில் நெல்லைத் தமிழ் என இரண்டையும் விடாமல் வாழ்கிறார்கள்.

ஊர் மாறியதுபோல நூலும் மாறியது. பட்டுநூல்காரர் என்றே பெயர் வாங்கியவர்கள், செடிபுட்டாவைச் செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்து நெய்கிறார்கள். அசல் பட்டின் விலைக்கு எட்டாத வீடுகளுக்கும் அந்த மினுமினுப்பு போய்ச் சேர்கிறது. பூவும் தண்டுமாகச் செடி வடிவில் வரும் புட்டாவுக்குப் பாவும் ஊடையும் மட்டும் போதாது. தனி நூல் கோத்து எடுக்க வேண்டும். சேலையில் நேரத்தைத் தின்பது அந்த வேலைதான்.

எந்த ஊரில் விடாமல் நெய்கிறார்களோ, கைவேலைக்கு அதுவே சொந்த ஊர். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். விசைத்தறிப் போலி மலிவாக வரும்போது தறியைக் காக்க வேண்டியவர் வாங்குகிறவரே. அம்பாசமுத்திரம் சாலையில் போகிறவர்கள் வீரவநல்லூரில் இறங்கி, கைத்தறி முத்திரை பார்த்து ஒரு செடிபுட்டா வாங்குங்கள்.