வானத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

போர்க் கதைகளில் வாள் பிடித்தவனுக்கு ஓர் அத்தியாயமே கிடைக்கிறது. அவனுக்குச் சோறு வடித்துப் போட்டவனுக்கு ஒரு வரி கிடைப்பதும் அபூர்வம். ஆகாயப் படையிலும் இதே வழக்கந்தான். குண்டு வீசியவனை உலகம் அறியும். நடுவானில் அவனுடைய விமானத்துக்கு எண்ணெய் ஊற்றியவனை யார் அறிவார்?

அப்படி எண்ணெய் ஊற்றியவர்களின் கதை இது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தேசீயக் காவல் படை என்று ஒன்று உண்டு. அதில் பெரும்பாலோர் முழுநேரச் சிப்பாய்கள் அல்லர். வாரத்தில் கடையிலோ, ஆபீஸிலோ, தொழிற்சாலையிலோ வேலை பார்ப்பார்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறும், ஆண்டில் பதினைந்து நாட்களும் படைப் பயிற்சிக்குப் போவார்கள். இல்லினாய் மாநிலத்தின் 108-ஆவது விமானப் பிரிவு இத்தகையவர்களால் ஆனது.

1927-ஆம் ஆண்டு சிகாகோவில் அது பிறந்தபோது, வானிலிருந்து வேவு பார்ப்பதுதான் அதன் வேலை. இரண்டாவது உலக யுத்தத்தில் பனாமாக் கால்வாயைக் காவல் காத்தது. 1947-இல் குண்டு வீச்சுப் பிரிவாக மாறியது. 1951-இல் கொரியப் போருக்காகத் திரட்டப்பட்டது. ஆனால் கொரியாவுக்குப் போகாமல் பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது! பிறகு சண்டை விமானங்கள் வந்தன. 1961-இல் வந்ததோ வேறு விதமான உத்தரவு: 'சண்டை விமானங்களை விட்டுவிடுங்கள், இனி எண்ணெய் விமானங்களை ஓட்டுங்கள்.' வேட்டைக்காரனைத் தண்ணீர்ப் பந்தலில் நிறுத்தியது போலத்தான். அவர்கள் மனம் சுளித்திருந்தால் அதில் வியப்பில்லை.

கிடைத்த விமானமும் புதியதல்ல. கே.சி.-97 என்ற அந்தக் கனத்த விமானம் நான்கு விசிறிகளால் பறப்பது. அதன் வாலடியில் ஒருவர் குப்புறப் படுத்துக்கொண்டு, சிறு இறக்கைகள் வைத்த நீண்ட குழாயைப் பின்னால் வரும் விமானத்தின் வாய்க்குள் பொருத்த வேண்டும். பின்னால் வருவதோ ஜெட். இதன் மந்த நடைக்கு இறங்கி வந்தால் ஜெட் வானில் நிலைகொள்ளாது. ஜெட்டின் வேகத்துக்கு இதனால் ஓட முடியாது. ஆகவே எண்ணெய் விமானம் சரிவில் இறங்குவதுபோல் மெல்லத் தாழ்ந்து கொண்டே வேகம் கூட்டும். அந்த இறக்கத்திலேயே எண்ணெய் கைமாறும். பின்னால் இரண்டு ஜெட் எஞ்சின்களை அதன் இறக்கைகளில் மாட்டிய பிறகுதான் இந்தச் சிரமம் குறைந்தது.

பழைய விமானமும் பகுதி நேரத் தொண்டர்களும் என்ன சாதிப்பார்கள் என்ற கேள்விக்கு 1967-இல் விடை கிடைத்தது. வியத்நாம் போர் எண்ணெய் விமானங்களை விழுங்கிக் கொண்டிருந்தது. ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கச் சண்டை விமானங்களுக்கு எண்ணெய் கொடுக்க ஆள் இல்லை. காவல் படைக்காரர்கள் முன்வந்தார்கள். 108-ஆவது பிரிவும் அதன் தோழமைப் பிரிவுகளும் முறை வைத்துக்கொண்டு ஜெர்மனியின் ரைன்-மைன் தளத்துக்குப் பறந்தன. தங்கள் பயிற்சி நாட்களையே இதற்குக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பி அவரவர் வேலையைப் பார்த்தார்கள். 'கிரீக் பார்ட்டி' என்று விநோதப் பெயர் சூட்டப்பட்ட இந்தப் பணி 1977 வரை பத்தாண்டுகள் நடந்தது. எல்லாப் பிரிவுகளுமாகச் சேர்ந்து 6,500 தடவைக்கு மேல் பறந்தன. சுமார் 13 கோடியே 70 லட்சம் ராத்தல் எண்ணெய் கொடுத்தன. விபத்து ஒன்றுகூட இல்லை! போர்க்கால உத்தரவு போட்டுத் திரட்டாமலே இத்தொண்டர்களை நம்பலாம் என்பதை அமெரிக்க ராணுவம் அப்போதுதான் கண்ணாரக் கண்டது.

1976-இல் 108-ஆவது பிரிவுக்கு கே.சி.-135 ஜெட் விமானங்கள் வந்தன. 1999-இல் அது சிகாகோவின் ஓஹேர் நிலையத்தை விட்டு, அதே மாநிலத்தின் தெற்கே உள்ள ஸ்காட் தளத்துக்குக் குடிபெயர்ந்தது. வேலை மட்டும் மாறவில்லை.

தண்ணீர்ப் பந்தலில் நிற்பவன், "நீ எங்கே போகிறாய்?" என்று வழிப்போக்கனைக் கேட்பதில்லை. வானத்துப் பந்தலிலும் கேட்பதில்லை. ஆனால் அங்கே வரும் வழிப்போக்கன் ஆயுதம் தாங்கியவன். அவன் போய்ச் செய்யும் காரியம் நன்றோ தீதோ, எண்ணெய் கொடுத்தவனுக்கும் அதில் பங்கு உண்டு. வினையில் பங்கு உண்டென்றால் சரித்திரத்திலும் அவனுக்கு ஒரு பக்கம் கொடுத்துத்தானே ஆகவேண்டும்?