நேர்காணல்கள் எப்போது போதுமாகின்றன? பண்புசார் உளவியல் ஆய்வில் நிறைவுநிலை

பண்புசார் உளவியல் ஆய்வேடுகளில், புதிய செய்தி எதுவும் வராத நிலையில் நேர்காணல்கள் நிறுத்தப்பட்டன என்ற வாக்கியம் ஏறத்தாழச் சடங்காகிவிட்டது. நிறைவுநிலை எனப்படும் இந்த அளவுகோல் உளவியலில் பிறந்ததன்று. பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் ஆகிய அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1967இல் வெளியிட்ட தரவுவழிக் கோட்பாட்டு நூலில் அதற்கு வடிவம் கொடுத்தனர்.

அந்நூலில் நிறைவுநிலை ஒரு செய்முறையின் முடிவு. மருத்துவமனைகளில் நோயாளிகள் சாவை எதிர்கொள்ளும் விதத்தை ஆராய்ந்தபோது, தரவு திரட்டலும் பகுப்பாய்வும் ஒருசேர நடந்தன. உருவாகிவரும் கருத்தே அடுத்த களத்தைத் தீர்மானித்தது. தன் நிலையை நோயாளி அறிய முடியாத குறைமாதக் குழந்தைகள் பிரிவு முதலில். சாவு விரைந்து வரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் மெல்ல வரும் புற்றுநோய்ப் பிரிவும் அதன் பின்னர். இவ்வாறு வேறுபாடுகளைத் தேடிச் சென்றும் ஒரு வகைமைக்குப் புதிய பண்பு கிடைக்காதபோதுதான் அது நிறைவுற்றதாகக் கொள்ளப்பட்டது. ஒரே வினாப்பட்டியலை ஒத்த பின்னணியுடைய சிலரிடம் கேட்டு, விடைகள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பது முற்றிலும் வேறு செயல். அங்கே ஒரே விடை மீண்டும் வருவதற்கு வினாப்பட்டியலே காரணமாக இருக்கலாம்.

கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகியோரின் 2006ஆம் ஆண்டுக் கட்டுரை இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் குழப்பத்தை அறியாமலே வளர்த்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களில், முதல் 12க்குள் பெரும்பாலான குறியீடுகள் (பேச்சின் பகுதிகளுக்கு ஆய்வாளர் இடும் பெயர்கள்) தோன்றிவிட்டன. ஒத்த தன்மையுள்ள குழுவுக்கும் சீரான வினாக்களுக்கும் உரிய முடிவு என்று ஆசிரியர்கள் வரம்பிட்டே சொன்னார்கள். ஆனால் மேற்கோள்களில் வரம்பு உதிர்ந்து, எண் மட்டும் தங்கியது. ஹென்னிங்க் குழுவினர் 2017இல் 25 நேர்காணல்களை ஆராய்ந்து, குறியீடுகள் 9இலேயே நிறைவுற்றாலும் அவற்றின் பொருளைப் புரிந்துகொள்ள 16 முதல் 24 வரை தேவைப்பட்டதாகக் காட்டினர். ஒரு சிக்கல் பேச்சில் எழுந்துவிட்டது என்பதும், அது பேசியவரின் வாழ்வில் என்ன பொருள் கொள்கிறது என்பது விளங்கிவிட்டது என்பதும் ஒன்றல்ல. உளவியலுக்கு இரண்டாவதே முதன்மையானது.

சில முறைகளுக்கு இந்த அளவுகோல் அடிப்படையிலேயே பொருந்தாது. உளவியலாளர் ஜோனதன் ஸ்மித் 1990களில் வகுத்த விளக்கநிலை நிகழ்வியல் பகுப்பாய்வு, ஒருவரின் அனுபவத்தை மட்டுமே கொண்டும் நடத்தப்படலாம். கருப்பொருள்கள் தரவில் புதைந்து கிடப்பவை அல்ல, ஆய்வாளரின் வாசிப்பில் உருவாகுபவை என்பது உளவியலாளர்களான பிரவுன், கிளார்க் இருவரின் நிலைப்பாடு. அதை ஏற்றால், முழுவதும் அள்ளி எடுத்தாயிற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனாலும், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழுக்கள் பங்கேற்போர் எண்ணிக்கையை முன்கூட்டியே கேட்கின்றன என்பது மெய்யான நெருக்கடிதான். மால்டெருட் குழுவினர் 2016இல் முன்வைத்த தகவல் வலு என்ற கருத்து அதற்குத் தக்க விடை தருகிறது: நோக்கம் எவ்வளவு குறுகியது, பங்கேற்போர் அதற்கு எவ்வளவு உரியவர், கோட்பாட்டுத் துணை உண்டா, உரையாடல் எவ்வளவு ஆழமானது, பகுப்பாய்வு தனியாள் பற்றியதா பலரை ஒப்பிடுவதா என்பவற்றைக் கொண்டு தொடக்கத்தில் ஓர் எண்ணை மதிப்பிட்டு, ஆய்வு நகர நகர அதை மறுபரிசீலிக்கலாம். அவ்வாறு மாற்றிய இடங்களையும் அதற்கான காரணங்களையும் ஆய்வேட்டிலேயே பதிந்தால், நேர்காணல்கள் போதுமா என்பதை வாசகரே எடைபோட முடியும்.